ஹிஃப்ழு ஓதும் பிள்ளைக்குக் கணக்குப் பாடம்: வேலைக்குப் போகும் வீட்டில் நேரம் எங்கே?

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மகனை ஹிஃப்ழு மதரஸாவில் சேர்க்கிறோம். மூன்று வருடம் ஓதி முடிக்கட்டும், பள்ளிப் பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் முடிவாகிறது. அல்லாஹ்வின் அருளால் பிள்ளை 13 வயதில் ஹாஃபிழாகி வெளியே வருகிறான். குடும்பமே மகிழ்கிறது. ஜூன் மாதம் பள்ளியில் போய் உட்காருகிறான். தமிழ்ப் பாடத்தை வாசித்துப் புரிந்துகொள்கிறான். சமூக அறிவியலை மனனம் செய்துவிடுகிறான். மனனம் அவனுக்குப் புதிதல்லவே! கணக்கு வகுப்பில்தான் முகம் வாடுகிறது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் சமன்பாட்டில் ஒரு பின்னம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் கொஞ்சம் படித்த பின்னம் அவனுக்கு மறந்தே போய்விட்டது.

இது ஹிஃப்ழின் குறையல்ல, பிள்ளையின் குறையுமல்ல. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் போட்ட கணக்குதான் தவறு. ஓதும் அந்த வருடங்களிலேயே, வீட்டில் கணக்குப் பாடத்தை விடாமல் நடத்த முடியும். அத்தா, அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டிலும் முடியும். அதற்குப் பெரியவர்கள் தர வேண்டியது வாரத்துக்கு 2 மணி நேரம்தான். அந்த 2 மணி நேரத்தை எங்கே எடுப்பது, எப்படிப் பிரிப்பது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். ஹிஃப்ழுக்காக அன்றி வேறு காரணங்களால் பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிக்க வைக்கும் குடும்பங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

கணக்கு மட்டும் ஏன் காத்திருக்காது?

வரலாற்றில் ஒரு பாடத்தைத் தவறவிட்டால் அடுத்த பாடத்தைப் படிக்கலாம். கணக்கில் அப்படி முடியாது. ஆறாம் வகுப்பில் பின்னம், முழுக்கள், விகிதம் வருகின்றன. ஏழில் இயற்கணிதம், சதவீதம், தனிவட்டி. எட்டில் விகிதமுறு எண்கள், சமன்பாடுகள். பின்னம் தெரியாதவனுக்குச் சதவீதம் புரியாது. சதவீதம் புரியாதவனுக்கு வட்டியும் லாப நட்டமும் வெறும் சூத்திரங்கள். கீழ்ப்படி இல்லாமல் மேல்படியில் கால் வைக்க முடியாது.

சட்டம் ஒரு வாய்ப்பைத் தருகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியை விட்டு நின்ற 6 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வழிசெய்கிறது. மற்றவர்களுக்கு இணையாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையும் அதில் உண்டு. ஆனால் அந்த வகுப்பில் உட்கார இடம் கிடைப்பது வேறு, அங்கே நடக்கும் பாடம் புரிவது வேறு.

இன்னொரு வழி, என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 14 வயது நிறைந்தவர்கள் இதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். பொதுத் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். ஒரு முறை செய்த பதிவு 5 வருடம் செல்லும். இதில் கணக்கைத் தேர்ந்தெடுக்காமலேயே பத்தாம் வகுப்பு தேறிவிடலாம். பல குடும்பங்கள் அந்த எளிய வழியைத்தான் எடுக்கின்றன. பிள்ளைக்கு 16 வயதாகி, கணிதம் உள்ள பிரிவில் +1 சேரவோ பாலிடெக்னிக் படிக்கவோ ஆசைப்படும்போதுதான் அதன் விலை தெரிகிறது. பெண் பிள்ளைகளின் நிலையும் இதுவே. எட்டாம் வகுப்போடு மதரஸாவுக்குச் சென்ற மகள், பிறகு படிக்க விரும்பும்போது அவளுக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் கணக்குதான்.

விடுமுறை நாட்கள் ஒத்துப்போவதில்லை

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அத்தா துணிக்கடையில் வேலை. இரவு 10 மணிக்கு வீடு திரும்புவார். அம்மா தனியார் பள்ளியில் ஆசிரியை. மாலை 5 மணிக்கு வருவார். பிள்ளைக்கு சுபுஹுக்குப் பின் மதரஸா, பிறகு காலை முதல் லுஹர் வரை, மீண்டும் அஸர் வரை, மஃரிபுக்குப் பின் இஷா வரை. பார்த்தவுடன், "இதில் எங்கே இடம்?" என்றுதான் தோன்றும்.

இத்தகைய வீடுகளின் உண்மையான சிக்கல் ஒன்று உண்டு. பல மதரஸாக்களுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. பெற்றோருக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. அத்தா வீட்டில் இருக்கும் நாளில் பிள்ளை மதரஸாவில்; பிள்ளை வீட்டில் இருக்கும் நாளில் பெற்றோர் வேலையில். "லீவு நாளில் சொல்லித் தருகிறேன்" என்ற வாக்கு வாராவாரம் தள்ளிப்போவது சோம்பேறித்தனத்தால் அல்ல. அப்படி ஒரு பொதுவான லீவு நாளே வீட்டில் இல்லை.

எனவே முதலில் ஒரு தாளில் ஏழு நாட்களையும் எழுதுங்கள். பிள்ளையும் ஒரு பெரியவரும் ஒரே நேரத்தில் வீட்டில் விழித்திருக்கும் 40 நிமிடங்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு இடம் கிடைத்தால் போதும். வியாழன் இரவு ஒன்று. மறுநாள் மதரஸா இல்லாததால் பிள்ளை சற்றுத் தாமதமாகத் தூங்கலாம். ஞாயிறு லுஹருக்குப் பின் ஒன்று, அல்லது வெள்ளி மாலை ஒன்று.

சவூதி, குவைத், கத்தார் போன்ற நாடுகளில் அத்தா வேலை பார்க்கிறார் என்றால், பலருக்கும் அங்கே வெள்ளிதான் விடுமுறை. மதரஸா விடுமுறையும் அவர் விடுமுறையும் ஒன்றாக அமைந்துவிடுகிறது. இங்கே காலை 10:30 என்றால் சவூதியில் 8 மணி. வீடியோ அழைப்பில் நலம் விசாரித்த பின், ஒரு பாடத்தை அவரே நடத்தலாம். தூரத்தில் இருக்கும் அத்தாவுக்கும் பிள்ளைக்கும் அது வாராவாரம் ஒரு பிணைப்பாகவும் இருக்கும்.

சொல்லித்தருபவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கல்லூரியில் படிக்கும் அக்கா இருக்கலாம். கடை நடத்திய நன்னா இருக்கலாம். மனக்கணக்கில் அவரை மிஞ்ச ஆள் இருக்காது.

மூன்று வேலை, மூன்று நேரம்

"கணக்குச் சொல்லித் தருவது" என்று நாம் ஒரே வேலையாக நினைப்பதில் உண்மையில் மூன்று வேலைகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய முயல்வதால்தான் தினமும் ஒரு மணி நேரம் வேண்டும் என்று மலைப்பு வருகிறது.

முதலாவது, புதிய பாடம். இதற்குப் பெரியவர் அருகில் இருக்க வேண்டும். 40 நிமிடம், வாரத்துக்கு இரண்டு முறை.

இரண்டாவது, பயிற்சி. இதைப் பிள்ளை தனியாகவே செய்யலாம். தினமும் ஐந்து கணக்கு, 15 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். 15 நிமிடம் ஆனதும் முடியாவிட்டாலும் நோட்டை மூடிவிட வேண்டும்.

மூன்றாவது, திருத்தம். இதற்குப் பிள்ளை விழித்திருக்க வேண்டியதில்லை. இரவு 10 மணிக்கு வரும் அத்தா, சாப்பிட்ட பின் நோட்டை எடுத்துச் சரியானதற்கு டிக் போட்டு, தவறானதைச் சுற்றி வட்டமிட்டு வைக்கலாம். 8 நிமிடம் போதும். விடையை எழுதிவிடக் கூடாது. மறுநாள் பிள்ளை அந்த வட்டத்தைப் பார்த்துத் தானே திருத்த முயலட்டும்.

கூட்டிப் பாருங்கள். பெரியவருக்கு 40 நிமிடம் இரண்டு முறை 80, திருத்தம் ஐந்து நாளில் 40. மொத்தம் 120 நிமிடம். பிள்ளைக்குப் பாடம் 80, பயிற்சி 75; மொத்தம் 155 நிமிடம். ரமலான், பெருநாட்கள், ஊர்ப் பயணம் என்று வருடத்தில் 7 வாரத்தைக் கழித்துவிட்டாலும் 45 வாரத்தில் பிள்ளை 116 மணி நேரம் கணக்குப் போட்டிருப்பான். மூன்று வருடத்தில் அது ஏறத்தாழ 350 மணி நேரம். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் கிடைப்பது பூஜ்யம்.

பயிற்சிக்கு எந்த நேரம்? சுபுஹுக்குப் பின் வரும் தெளிவான நேரம் புதிய ஸபக்குக்கு உரியது. அதில் கை வைக்க வேண்டாம். இஷாவுக்குப் பின் பிள்ளை களைத்திருப்பான். அப்போது போடும் கணக்கில் தவறும் அழுகையும்தான் மிஞ்சும். அஸருக்கு மதரஸாவிலிருந்து வந்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு, விளையாடப் போவதற்கு முன் ஐந்து கணக்கு என்று வைத்துப் பாருங்கள். முடித்தால் விளையாட்டு என்பதால் பிள்ளை இழுத்தடிக்க மாட்டான். ஆனால் விளையாட்டு நேரத்தை விழுங்கிவிடக் கூடாது. தினமும் மணிக்கணக்கில் அமர்ந்து ஓதும் பிள்ளைக்கு ஓடி ஆடும் நேரம் மிகவும் தேவை.

ஹிஃப்ழு முறையே கணக்குக்கும் உதவும்

ஹிஃப்ழு மதரஸாவில் எப்படி நடக்கிறது? இன்றைய புதிய பாடத்தை ஒப்பிக்க வேண்டும். அண்மையில் ஓதியதைத் திரும்ப ஓத வேண்டும். பழைய ஜுஸ்வுகளைத் தவ்ர் செய்ய வேண்டும். பெயர்கள் மதரஸாவுக்கு மதரஸா மாறலாம், முறை ஒன்றுதான். புதியதை மட்டும் ஓதிக்கொண்டே போனால் பழையது கைநழுவிவிடும் என்பது எந்த ஹஜ்ரத்தும் முதல் வாரத்திலேயே சொல்லும் பாடம்.

கணக்கிலும் அதுவே நடக்கிறது. பின்னத்தை முடித்துத் தசமத்துக்குப் போனால், இரண்டு மாதத்தில் பின்னம் மறந்துவிடும். ஆகவே தினமும் போடும் ஐந்து கணக்கை இப்படிப் பிரியுங்கள்: இந்த வாரப் பாடத்திலிருந்து இரண்டு, சென்ற வாரப் பாடத்திலிருந்து இரண்டு, பல மாதங்களுக்கு முந்தைய பாடத்திலிருந்து ஒன்று. "இது கணக்கின் தவ்ர்" என்று சொன்னால் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அவன் ஏற்கெனவே பழகிய ஒழுங்கு அது.

ஐந்து கணக்கையும் வார ஆரம்பத்திலேயே நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். தினமும் தேடி எடுப்பது என்றால் மூன்றாம் நாளே நின்றுவிடும். தமிழ்நாட்டு அரசின் பாடநூல்களை இணையத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். அவற்றின் பயிற்சிக் கணக்குகளே போதும்.

விடுதியுடன் கூடிய மதரஸா என்றால், ஹஜ்ரத்திடம் பேசி 15 நிமிடத்துக்கு அனுமதி கேளுங்கள். ஒரு மாதத்துக்கான கணக்கை நோட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பலாம். புதிய பாடத்தை விடுப்பில் வரும்போது நடத்தலாம். வேகம் குறையும், ஆனால் படித்தது மறக்காது.

எங்கிருந்து தொடங்குவது?

வகுப்பைப் பார்த்துத் தொடங்காதீர்கள். பிள்ளைக்குத் தெரிந்ததைப் பார்த்துத் தொடங்குங்கள். ஒரு நாள் இந்த ஐந்தைக் கேளுங்கள்.

7 × 8 எவ்வளவு? 403-இல் 178-ஐக் கழித்தால்? 1/2-உம் 1/3-உம் கூட்டினால்? 0.3 பெரியதா, 0.25 பெரியதா? 200-இல் 15 சதவீதம் எவ்வளவு?

விடைகள் 56, 225, 5/6, 0.3, 30. விடை தவறினால் திட்டுவதற்கு அவசரப்படாமல், என்ன தவறு என்று பாருங்கள். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினால், பின்னம் என்பது மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்றுதான் அவன் மனதில் இருக்கிறது; அது ஒரே அளவு என்பது பதியவில்லை. 0.25 பெரியது என்றால் 25, 3-ஐ விடப் பெரியது என்ற முழு எண் பழக்கத்தில் இருக்கிறான். தவறுதான் பாடம் எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டுகிறது.

பின்னத்துக்கு ஒரு கட்டம் போட்ட தாள் போதும். 12 கட்டங்களை ஒரு செவ்வகமாக வரையுங்கள். அதில் பாதி 6 கட்டம். மூன்றில் ஒரு பங்கு 4 கட்டம். இரண்டும் சேர்ந்தால் 12-இல் 10 கட்டம், அதாவது 5/6. பகுதியைப் பொதுவாக்குவது ஏன் என்று பிள்ளை கண்ணால் பார்த்துவிடுவான். அதன் பிறகு முறையைச் சொல்லிக்கொடுங்கள்.

எல்லாப் பாடத்தையும் நடத்த நேரம் இருக்காது. முதுகெலும்பான பாடங்களை மட்டும் வரிசையாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: வாய்ப்பாடும் நான்கு செயல்களும், பின்னம், தசமம், விகிதம், சதவீதம், குறை எண்கள், எளிய சமன்பாடு, பரப்பளவும் சுற்றளவும். இவை உறுதியாக இருந்தால் மீதியைப் பள்ளியில் சேர்ந்த பின் பிடித்துவிடலாம்.

நம் வீட்டிலேயே இருக்கும் கணக்கு

புத்தகத்துக்கு வெளியேயும் நல்ல கணக்குகள் உண்டு. ஹிஃப்ழு பிள்ளைக்கு மிகவும் பிடிக்கும் கணக்கு இது: மதீனா பதிப்பு முஸ்ஹஃபில் 604 பக்கங்கள். தினமும் ஒரு பக்கம் மனனம் செய்தால் 604 நாள். அரைப் பக்கம் செய்தால்? 604-ஐ 1/2-ஆல் வகுக்க வேண்டும், விடை 1,208. வகுத்தால் எண் ஏன் பெரிதாகிறது என்று பெரிய வகுப்புப் பிள்ளைகளே தடுமாறுவார்கள். ஹிஃப்ழு பிள்ளை தடுமாற மாட்டான். குறைவாக ஓதினால் நாள் கூடும் என்பது அவனுடைய அன்றாட அனுபவம்.

வீட்டில் ஜகாத் கணக்குப் பார்க்கும்போது பிள்ளையை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். 2.5 சதவீதம் என்பது 40-இல் ஒரு பங்கு. 1,20,000 ரூபாய்க்கு 40-ஆல் வகுத்தால் 3,000. சதவீதமாகப் போட்டாலும் அதே 3,000. சதவீதமும் பின்னமும் தசமமும் ஒன்றுதான் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

வாரிசுரிமைப் பங்குகள் முழுக்கப் பின்னக் கணக்குதான். குர்ஆன் குறிப்பிடும் பங்குகள் ஆறு: 1/2, 1/4, 1/8, 2/3, 1/3, 1/6. ஒருவர் மனைவியையும் தாயையும், மகன் மகளையும் விட்டு இறந்தால், கடனும் வஸிய்யத்தும் போக மீதியில் மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6. பகுதியை 24 ஆக்கினால் 3/24-உம் 4/24-உம். பிள்ளைகளுக்கு மீதி 17/24. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் நூலிலும் ஒரு பெரும்பகுதி வாரிசுரிமைக் கணக்குகளே. அந்த நூலின் தலைப்பில் உள்ள அல்ஜப்ர் என்ற சொல்லிலிருந்துதான் அல்ஜீப்ரா என்ற பெயர் வந்தது. ஆலிமாக விரும்பும் பிள்ளைக்கும் கணக்கு வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

"எனக்கே கணக்கு வராதே!"

பல தாய்மார்கள் சொல்லும் வார்த்தை இது. கணக்கு வராத தாயும் கணக்கு நடத்தலாம். புத்தகத்தின் பின்பகுதியில் விடைகள் இருக்கின்றன. திருத்துவதற்கு அது போதும். பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டை அலைபேசியில் படம் பிடித்தால் காணொலிப் பாடங்கள் கிடைக்கும். கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களும் இருக்கின்றன. பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் பாருங்கள். முடிந்ததும், "எனக்குப் புரியல, நீ சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். அவன் விளக்க முடிந்தால் அவனுக்குப் புரிந்துவிட்டது. திணறினால் எந்த இடத்தில் திணறுகிறான் என்று இருவருக்கும் தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் பிள்ளையின் காதில் போடாதீர்கள்: "நம்ம குடும்பத்துக்கே கணக்கு வராது." அதைக் கேட்ட பிள்ளை முயல்வதை நிறுத்திவிடுவான். கணக்கைத் தண்டனையாகவும் ஆக்காதீர்கள். ஒரே பாடத்தில் மூன்று வாரம் நகராமல் நின்றால், தெரிந்த ஆசிரியரிடம் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் உதவி கேளுங்கள்.

நாட்கள் தவறினால்

நிச்சயம் தவறும். விருந்தினர் வருவார்கள், காய்ச்சல் வரும், கடையில் பண்டிகைக்கால வேலை வரும். தவறிய கணக்குகளைச் சேர்த்து வைத்து, "பத்து நாள் பாக்கி, ஐம்பது கணக்கு" என்று பிள்ளை முன் நீட்டாதீர்கள். பாக்கி தள்ளுபடி, இன்றைய ஐந்தோடு மீண்டும் தொடங்குங்கள். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால் புதிய பாடத்தை நிறுத்திவிட்டு, சில நாட்கள் பழைய கணக்குகளை மட்டும் கொடுங்கள்.

ரமலானில் புதிய பாடம் வேண்டாம். தினமும் ஒரே ஒரு கணக்கு, அதுவும் தெரிந்த கணக்கு. கை விட்டுப்போகாமல் இருந்தால் போதும். ஷவ்வாலில் பழைய அட்டவணைக்குத் திரும்பலாம். மாதம் ஒரு முறை அந்த ஐந்து கேள்விகளைப் போல வேறு ஐந்து கேட்டுப் பாருங்கள். முன்னேற்றம் அதில் தெரியும்.

இன்றிரவே ஒரு நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் ஐந்து கணக்கு எழுதி வையுங்கள். நாளை அஸருக்குப் பிள்ளை வந்ததும் அதிலிருந்து தொடங்கட்டும். மூன்று வருடம் கழித்து ஹாஃபிழாக அவன் பள்ளி வாசலில் நிற்கும்போது, கணக்கு வகுப்பிலும் தலை நிமிர்ந்து உட்காருவான், இன்ஷா அல்லாஹ்.